எந்தக் கீறலோடு வாழ்வது? அலுமினியம், எவர்சில்வர், டைட்டானியம் வாட்ச்: ஓர் ஒப்பீடு

காசிமேட்டில் அக்கா வீட்டில் நண்டு வாங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் உடைத்துக் கழுவுவது ஆண்களின் வேலை. போன மாதம் அப்படி உட்காரும் முன் மூன்று பேரும் ஸ்மார்ட்வாட்சைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தோம். என்னுடையது கறுப்பு அலுமினியம். மாமாவுடையது பளபள எவர்சில்வர். பக்கத்து வீட்டு நண்பர் மணலியில் ஓர் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், அவருடையது டைட்டானியம். மூன்றும் ஏறக்குறைய இரண்டு வருடம் கையில் கிடந்தவை. காலை வெயில் சாய்வாக விழுந்ததில் ஒவ்வொன்றின் உடம்பிலும் இருந்த கோடெல்லாம் தெரிந்தது. வாங்கும்போது நான் கடைக்காரரிடம் "கீறல் விழுமா?" என்று கேட்டிருந்தேன். விழுந்த கீறல் இரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று கேட்டிருக்க வேண்டும் என்பது அந்த ஜன்னலோரத்தில்தான் உறைத்தது.

ஏனென்றால் நம் பக்கம் கீறல் விழாமல் ஒரு வாட்சை வைத்திருக்க வழியே இல்லை. காரணம் மணல். கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். 1812-ல் பிரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவில், வைரத்துக்கு 10 என்றால் குவார்ட்ஸுக்கு 7. அலுமினியம் அதில் 3-ஐக்கூடத் தொடாது. எவர்சில்வர், டைட்டானியம், சாதாரணக் கண்ணாடி எல்லாமே 7-க்குக் கீழேதான். அதாவது ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை காற்றில் பறக்கிற ஒரு மணல் துகள் போதும், இந்த மூன்று உலோகங்களிலும் கோடு போட. திருவொற்றியூர் பக்கம் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கற்கள், வீட்டு கிரில் கேட், சமையலறை கிரானைட் மேடை, கன்டெய்னர் கதவின் இரும்புத் தண்டு என்று இடிபடும் மற்ற இடங்கள் வேறு.

முதலில் என்னுடையது. கன்டெய்னர் கிடங்கில் சீல் சரிபார்ப்பது என் வேலை. வாங்கிய இரண்டாவது மாதம் கதவுத் தண்டில் இடித்து வலது விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு வெட்டு விழுந்தது. கறுப்புக்கு நடுவே வெள்ளையாக, பல் போல. அன்றிலிருந்து மணி பார்க்கக் கையைத் தூக்கினால் கண் முதலில் அங்கேதான் போகும். மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிப் பார்த்தேன். வியர்வையில் மூன்று நாளில் போய்விட்டது.

அலுமினிய வாட்சின் நிறம் பெயின்ட் இல்லை. உலோகத்தை அமிலக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினால் அதன் மேற்பரப்பே ஆக்சைடாக மாறிக் கெட்டிப்படும். அந்த ஆக்சைடில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். சாயத்தை அவற்றில் இறக்கி, பிறகு துளையை மூடிவிடுவார்கள். இதற்குப் பெயர் அனோடைசிங். வீட்டில் கறுப்பு நிற ஹார்ட் அனோடைஸ்டு குக்கர் இருந்தால் அதுவும் இதே வித்தைதான். அந்தத் தோல் நிஜமாகவே கடினமானது. ஆனால் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் இருக்கும், அடியில் இருப்பதோ மெத்தென்ற உலோகம். மெத்தைமேல் கண்ணாடி விரித்தது போல. சட்டைக் கையில் உரசினால், மேஜையில் தேய்ந்தால் ஒன்றும் ஆகாது. கூர்மையாக ஓர் இடி விழுந்தால் தோல் உடைந்து உள்ளே இருக்கும் வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும்.

இந்த வெட்டைச் சரிசெய்ய முடியாது என்பதுதான் அலுமினியத்தின் பெரிய குறை. பாலிஷ் போட்டால் சுற்றியிருக்கும் சாயத் தோலும் சேர்ந்து போகும், வெள்ளைப் பகுதி பெரிதாகும். நம் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. ஸ்ட்ராப் நுழையும் பள்ளத்தில் வியர்வையும் உப்புக் காற்றும் தங்கி, தோல் போன இடத்தில் வெண்மையாகப் பூத்திருந்தது. துடைத்தால் பொடி வந்தது, அடியில் ஊசி முனை அளவுக்குக் குழிகள். உப்பு அலுமினியத்தை அரிப்பது இப்படித்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் அலுமினியத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. என் தவறு உலோகத்தில் இல்லை, நிறத்தில். வெள்ளி நிற அலுமினியம் வாங்கியிருந்தால் அதே வெட்டு அதே இடத்தில் இருந்திருக்கும், கண்ணில் பட்டிருக்காது. உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம் என்றால் கீறலுக்குப் பாதி பலம் போய்விடும். கறுப்பு, கருநீலம், சிவப்பு எல்லாம் கடையில் கண்ணைப் பறிக்கும், வெட்டு விழுந்த நாளிலிருந்து உறுத்தும்.

மாமாவின் எவர்சில்வரில்தான் கீறல்கள் அதிகம். எண்ண முடியாத அளவு. துபாயில் இருக்கும் அவர் தம்பி அனுப்பியது. மாமா அதைக் கட்டிக்கொண்டுதான் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போவார், பனிக்கட்டிப் பெட்டி தூக்குவார். வாங்கிய ஒரே வாரத்தில் மயிரிழைக் கோடுகள் வந்துவிட்டன. முதல் மூன்று மாதம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது என்றார். அதன் பிறகு கோட்டின்மேல் கோடு விழுந்து எல்லாம் ஒன்றாகக் கலந்து, பழைய எவர்சில்வர் டம்ளருக்கு வருமே ஒரு மங்கிய வெள்ளை மினுமினுப்பு, அது வந்துவிட்டது. தனிக் கீறல் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அம்மா கல்யாணத்துக்கு வந்த டம்ளர்களைப் பாருங்கள், வெட்டிய பெயர் பாதி தேய்ந்திருக்கும், ஆனால் கீறல் விழுந்த டம்ளர் என்று யாரும் சொல்வதில்லை.

பெயர் ஒன்றாக இருந்தாலும் நல்ல வாட்சுகளில் வருவது வேறு எவர்சில்வர். பாத்திரக் கடைகளில் 304, 202 ரகங்கள் புழங்கும். வாட்சுக்குப் போடுவது பெரும்பாலும் 316எல். இதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். உப்பு புள்ளி புள்ளியாக அரிப்பதை அது தடுக்கிறது. கடலோரத்து ஜன்னல் கம்பிகள் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும் இடத்தில் மாமாவின் வாட்சில் ஒரு பொட்டுக் கறை இல்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும், அதில் 10 சதவீதத்துக்குமேல் நிக்கல் உண்டு.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது, கீறலைத் திரும்ப எடுக்க முடிவது. தீபாவளிக்கு முன் மாமா அதைக் கொருக்குப்பேட்டையில் தெரிந்த ஒரு பாத்திர பாலிஷ் பட்டறைக்கு எடுத்துப் போனார். பட்டறைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வீல்ல வெச்சா சூடு ஏறிடும்ணா. உள்ள பேட்டரி கீது. விளிம்பும் மழுங்கிடும். கையாலயே தேய்ங்க." அந்த மனிதர் சொன்னது முழுக்க நியாயம். வேகமாகச் சுற்றும் சக்கரத்தின் சூடு தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தையும் பேட்டரியையும் பாதிக்கலாம், பாலிஷ் கட்டியின் தூள் ஸ்பீக்கர் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

வீட்டில் உட்கார்ந்து செய்தோம். வாட்சை அணைத்து, ஸ்ட்ராப்பைக் கழற்றி, கண்ணாடி, துளைகள், பட்டன், பின்பக்க சென்சார் எல்லாவற்றின்மேலும் டேப் ஒட்டி, பழைய பனியன் துணியில் பயறு அளவு மெட்டல் பாலிஷ் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தோம். இருபது நிமிடத்தில் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு வந்துவிட்டது. ஆழமான இரண்டு வெட்டுகள் மட்டும் போகவில்லை. "தொடைச்சா போற கோடுக்கா மச்சான் இத்தினி நாள் வருத்தப்பட்டேன்" என்றார் மாமா. ஒரு வாரத்தில் புதுக் கோடுகள் வந்தன, அவர் கவலைப்படவில்லை.

இது பளபளப்பான, பூச்சில்லாத எவர்சில்வருக்கு மட்டும். கோடு கோடாக மங்கல் கொடுத்த பிரஷ்டு பரப்பில் செய்தால் இடையில் ஒரு பளபளப்புத் திட்டு விழும். கறுப்பு, தங்க நிறப் பூச்சு வந்த ரகங்களில் பாலிஷை நெருங்கவே விடாதீர்கள்.

எவர்சில்வரின் குறை எடை. 2023-ல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 9-ல் 45 மில்லிமீட்டர் அளவில் அலுமினியம் 38.7 கிராம், எவர்சில்வர் 51.5 கிராம். காகிதத்தில் 13 கிராம். கட்டிக்கொண்டு தூங்கினால்தான் வித்தியாசம் தெரியும். இன்னொன்று, எவர்சில்வர் வாட்சுகளே குறைந்துகொண்டே வருகின்றன. ஆப்பிள் 2024-ல் சீரிஸ் 10-லிருந்து எவர்சில்வரை நிறுத்திவிட்டு டைட்டானியத்துக்கு மாறியது. சாம்சங்கின் கிளாசிக் மாடல்களில் இன்னும் வருகிறது.

டைட்டானியத்தைப் பற்றி நண்பருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடல்நீர் ஓடும் குழாய்களுக்கும் வெப்பப் பரிமாற்றிகளுக்கும் அதைப் போடுவார்கள், உப்பு அதை ஒன்றும் செய்யாது. எலும்பு முறிவுக்கு உடம்புக்குள் வைக்கும் பிளேட்டுகளும் அதில் உண்டு, தோலுக்கும் ஒத்துப்போகும். எடை எவர்சில்வரில் பாதியைவிடச் சற்று அதிகம். வாட்சுகளில் பேசப்படும் கிரேடு 5 என்பது சுமார் 90 சதவீதம் டைட்டானியம், 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கலந்தது. சுத்த டைட்டானியத்தைவிடக் கடினம்.

ஆனால் டைட்டானியம் கீறாது என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். கீறும். நண்பரின் வாட்சில் விளிம்பெல்லாம் கோடுகள். மங்கிய சாம்பல் பரப்பு என்பதால் பளபளப்பில் தெரிவது போல அவை தெரிவதில்லை, அவ்வளவுதான். பென்சிலால் லேசாகக் கோடு போட்டுக் கையால் தேய்த்துவிட்டது போல இருந்தன. மூன்றில் முதல் பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தது அதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆழமான வெட்டு விழுந்தால் அதை வீட்டில் எடுப்பது எவர்சில்வர் போலச் சுலபம் இல்லை. பளபள டைட்டானியத்துக்கு மங்கல் ரகத்தின் இந்தச் சலுகை கிடையாது, எல்லாக் கோடும் தெரியும்.

விலைதான் உதைக்கும். சீரிஸ் 10 இந்தியாவுக்கு வந்தபோது அலுமினியம் 46,900 ரூபாயில் தொடங்கியது, டைட்டானியம் 79,900-ல். உள்ளே ஓடும் சிப் ஒன்றுதான். உலோகம் இருபது வருடம் தாங்கும், உள்ளே இருக்கும் பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் தளர்ந்துவிடும். இதை யோசித்தால் அந்த 33,000 ரூபாய் எனக்கு மிகவும் கனமாகத் தெரிகிறது.

பிளாஸ்டிக்கைப் பலரும் மட்டமாகப் பார்க்கிறார்கள். அது தவறு. நிறம் உள்வரை ஒன்றே என்பதால் அதில் விழும் கீறல் வேறு நிறம் காட்டாது. கார்மின் தன் விலை உயர்ந்த மாடல்களிலேயே நார் கலந்து பலப்படுத்திய பிளாஸ்டிக் உடம்பு போடுகிறது. விலை குறைந்தவற்றில் "மெட்டல் பாடி" என்று வரும் துத்தநாகக் கலவைக்கு முலாம் பூசியவற்றைத்தான் நான் தவிர்ப்பேன், வியர்வையில் முலாம் உரியும். செராமிக் கீறாது, கல் தரையில் விழுந்தால் உடையும்.

உடம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தினமும் நூறு தடவை பார்ப்பது கண்ணாடியைத்தான். ஆப்பிளில் அலுமினியம் எடுத்தால் வேதிமுறையில் பலப்படுத்திய கண்ணாடி வரும், எவர்சில்வரோ டைட்டானியமோ எடுத்தால் சபையர் என்ற செயற்கைப் படிகம். சபையர் மோஸ் அளவில் 9, அதாவது மணலால் அதைக் கீற முடியாது. ஜன்னல் திட்டில் மாமாவின் கண்ணாடியும் நண்பரின் கண்ணாடியும் துளி கோடில்லாமல் இருந்தன. என்னுடையதில் வெயிலில் படிக்கும்போது குறுக்கே இரண்டு கோடுகள். விலை வித்தியாசத்தில் உண்மையாகவே பிரயோசனமான பகுதி எனக்கு இதுதான். சபையர் கீறலுக்கு அசையாது, பலமான அடிக்கு உடையும், அதையும் மனதில் வைக்க வேண்டும்.

பர்மா பஜாரில் வாங்கிய ரப்பர் கவரை ஆறு மாதம் போட்டிருந்தேன். கழற்றினால் உள்ளே மணலும் உப்பும் சேர்ந்து விளிம்பு முழுக்க உப்புத்தாள் தேய்த்தது போல ஆகியிருந்தது. கவர் போட்டால் வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். கவர் இல்லாவிட்டாலும், வீட்டுக்கு வந்ததும் சட்டை நுனியால் உலர்ந்தபடி துடைக்காதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் தூசியை நீங்களே தேய்க்கிறீர்கள். வாட்ச் தண்ணீர் தாங்குகிறதென்றால் முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டி, பிறகு ஒற்றி எடுங்கள். எண்ணூர் பக்கம் சாம்பல் படியும் இடங்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

அக்கா மகள் இந்த வருடம் கல்லூரி சேர்கிறாள், வாட்ச் கேட்கிறாள். வெள்ளி நிற அலுமினியம், மேலே ஒரு கண்ணாடி ஒட்டு என்று சொல்லியிருக்கிறேன். கறுப்பு வேண்டும் என்று அடம்பிடித்தவள் என் வாட்சின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். கடலிலும் ஆலையிலும் வேலை செய்பவர்கள், கையில் காசு இருந்தால் மங்கல் டைட்டானியம் வாங்கலாம், வருத்தப்பட மாட்டார்கள். எனக்கு அடுத்தது எவர்சில்வர்தான். பூச்சில்லாத வெள்ளி நிறத்தில், 2023 மாடல் ஒன்று பழையதாகக் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கீறல் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை. பேட்டரியின் பலம் இன்னும் எத்தனை சதவீதம் மீதி என்று மட்டும்தான் கேட்கிறேன்.