கலப்பை வகை வின்ச் ஆங்கர்: கருவி நல்லது, எரிவாயுக் குழாய் ஓடும் மண்ணில் மட்டும் வேண்டாம்

மரமும் பாறையும் இல்லாத வெட்டவெளியில் வண்டி புதைந்தால், வின்ச் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) கயிற்றை மாட்ட ஒரு பிடிமானம் வேண்டும். அதற்கென்றே வந்தது இந்த மடக்கு ஆங்கர் (நங்கூரம்). அடியில் எஃகுக் கொழு, அதிலிருந்து நீளும் கை, இரண்டையும் இணைக்கும் இரும்பு முளை, கையின் முனையில் ஷேக்கிள் (கயிற்றை மாட்டும் இரும்பு வளையம்) துளை, அமைப்பு அவ்வளவுதான். நுனியை மண்ணில் குத்தி நிறுத்தி வின்ச்சை ஓட்டினால், இழுக்க இழுக்கக் கொழு தானே கீழே இறங்கும். வண்டி எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவு ஆழம் போகும். இதன் பலமே அதுதான். கீழே எரிவாயுக் குழாய் இருந்தால் ஆபத்தும் அதுதான்.

முதலில் கருவியைப் பற்றி. 4,500 கிலோ இழுவை வின்ச்சுக்கு ஏற்ற ஆங்கர் சுமார் 20 கிலோ இருக்கும், ஒருவர் தூக்கலாம். களி கலந்த இறுகிய மண்ணில் பிடி அருமை. காய்ந்த மணலில் நிற்காமல் உழுதுகொண்டே வரும். கயிறு தரையை ஒட்டிப் போவது முக்கியம். வின்ச் முக்கால் மீட்டர் உயரத்தில் இருந்தால் ஆங்கரைக் குறைந்தது 10 மீட்டர் தள்ளி வையுங்கள். கிட்டத்தில் வைத்தால் கயிறு மேல்நோக்கி இழுத்து ஆங்கரைப் பிடுங்கிவிடும், பிடுங்கிய இரும்பு வண்டியை நோக்கிப் பறக்கும். கயிற்றின் மேல் கனமான டேம்பர் (கயிறு அறுந்தால் பறக்காமல் அமுக்கும் போர்வை) கட்டாயம். வாங்கும்போது கை கொழுவோடு சேரும் இடத்து வெல்டிங்கையும், முளை நுழையும் துளை ஓவலாகத் தேய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். வளைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மரமே இல்லாத நீண்ட, நேரான திறந்தவெளி ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். வேர் குழாயின் பூச்சைக் கெடுக்கக் கூடாது, ஆய்வுக்கு வழி வேண்டும் என்பதற்காக, குழாய்த்தடத்தில் மரங்களை வெட்டியே வைத்திருப்பார்கள். வண்டி ஓட்ட ஆசை காட்டுவதும் அந்தத் தடம்தான், மாட்டிக்கொண்டால் கயிறு கட்ட மரம் இல்லாததும் அங்கேதான். ஆக, இந்த ஆங்கரை வெளியே எடுக்கத் தோன்றும் இடமும் அதை எடுக்கவே கூடாத இடமும் பல சமயம் ஒன்றாகிவிடுகின்றன.

ஆழக் கணக்கைப் பார்த்தால் இது புரியும். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, குடியிருப்பு குறைந்த பகுதியில் பெரிய எரிவாயுக் குழாயின் மேல் சாதாரண மண்ணில் 30 அங்குலம் (76 செ.மீ.), இறுகிய பாறையில் 18 அங்குலம் (46 செ.மீ.) மூடல் போதும். அது பதிக்கும் நாளின் அளவு. மழைநீர் அரித்த சரிவிலும் ஓடைக்கரையிலும் அது மிச்சமிருக்கும் என்று நம்ப முடியாது, வண்டிகள் புதைவதும் அங்கேதான். இளகிய மண்ணில் கொழு அரை மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். அதோடு, சுழலும் சக்கரம் ஏற்கெனவே ஒரு பள்ளம் தோண்டியிருக்கும். சுத்தியலால் அடித்து இறக்கும் கம்பி வகை ஆங்கர் இதைவிட மோசம். முழு அடியும் ஒரே புள்ளியில் விழும்.

குழாய் உடனே ஓட்டையாக வேண்டியதில்லை. எஃகுக் குழாயின் எபாக்ஸிப் பூச்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கொழு அதைச் சுரண்டினால் அங்கே அரிப்பு தொடங்கும். கீறலோடு நசுங்கலும் சேர்ந்தால், அழுத்தம் ஏறி இறங்க ஏறி இறங்க விரிசல் வளர்ந்து, யாரும் எதிர்பாராத நாளில் வெடிக்கலாம்.

குழாய் நிறுவனம் தடத்தில் நட்டிருக்கும் மார்க்கர் (அடையாளக்) கம்பங்களை நம்பி இடம் கணிப்பதும் சரிவராது. அருகில் குழாய் உண்டு என்பதை மட்டுமே அவை சொல்லும். சரியான இடத்தையோ ஆழத்தையோ சொல்லாது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே குழாய் வளைந்து போகலாம், ஒரே தடத்தில் இரண்டு மூன்று குழாய்கள் ஓடலாம். சாலையோரம் வளைந்து நிற்கும் காற்றுக்குழல், குழாயின் அரிப்புத் தடுப்பைச் சோதிக்க ஒயர் முனையுள்ள சிறு டெஸ்ட் கம்பம் ஆகியவையும் குழாய்த்தடத்தின் அடையாளங்களே. நட்ட இடத்திலேயே ஆங்கர் நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம்: பிடிக்கும் முன் ஒரு மீட்டரோ, இளகிய மண்ணில் அதற்கு மேலோ வண்டியை நோக்கி நகரும். அதனால் திறந்த தடத்துக்குள் நடவே வேண்டாம். நீட்டிப்புக் கயிறு சேர்த்துத் தடத்துக்கு வெளியே உள்ள மரத்தைப் பிடியுங்கள்; மரத்தில் அகலப் பட்டை சுற்றுங்கள். ஸ்பேர் டயரைப் புதைத்து அதில் கட்டுவதும் தோண்டுவதுதான், அதுவும் கூடாது.

குழாய்த்தடத்தில் எங்கள் முதல் தேர்வு டிராக்ஷன் போர்டு (டயருக்கு அடியில் வைக்கும் பிடிப்புப் பலகை). டயர் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15-18க்கு இறக்கி, சக்கரத்தின் முன் குவிந்த மண்ணைக் கையால் ஒதுக்கி, போர்டின் நுனியை டயருக்கு அடியில் செருகி, மெதுவாக ஏறுங்கள். சக்கரம் சுழன்றால் உடனே காலை எடுங்கள். போதாவிட்டால் கெட்டியான தரையில் நிற்கும் இன்னொரு வண்டியால் இழுக்கச் சொல்லுங்கள்.

ஆங்கர் ஏதோ கெட்டியான பொருளில் தட்டி நின்றால் இழுப்பதை நிறுத்துங்கள், பிடுங்கியும் பார்க்காதீர்கள். சீறல், ஈர மண்ணில் குமிழி, மேலெழும் புழுதி ஆகியவை கசிவு. வாசனை இல்லை என்று தைரியம் கொள்ளக் கூடாது. ஊருக்கு வெளியே ஓடும் பல பெரிய குழாய்களில் மணமூட்டி கலப்பதில்லை. காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் இந்த வாயு தீப்பிடிக்கும், வின்ச் ரிலேயின் (மின் சுவிட்ச்) ஒரு பொறி போதும். ரிமோட்டைத் தொடாதீர்கள், நின்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், காற்று வரும் திசை நோக்கி நடந்து விலகுங்கள். போன் எடுப்பது நன்றாகத் தள்ளிப் போன பிறகுதான்: முதலில் அவசர உதவி எண், அடுத்து மார்க்கர் கம்பத்தில் உள்ள எண். கசிவே இல்லை, வெறும் கீறல்தான் என்று தோன்றினாலும் அந்தக் கம்பத்து எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிட வேண்டாம்.