கிராபீன் சில்லு: மென்படலம் வளர்ப்போர் கவனத்துக்கு

காட்பாடியில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் பென்டசீன் (ஐந்து பென்சீன் வளையங்கள் வரிசையாக இணைந்த கரிமக் குறைக்கடத்தி) மென்படலம் வளர்ப்பதற்காக, சிலிக்கான் டையாக்சைடின் மேல் மாற்றி ஒட்டப்பட்ட ஒற்றையடுக்கு கிராபீன் (ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாள்) சில்லுகளை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினோம். வேலூர் வெயிலில் கூரியரில் வந்தும் கிழிசல் இல்லை. ஒளிச்சிதறலைக் கொண்டு பொருளை ஆராயும் ராமன் நிறமாலையில் குறைபாட்டைக் காட்டும் டி முகடும் மிகச் சிறியதே.

ஆனால் மேற்பரப்பின் தூய்மைதான் இங்கே முக்கியம். தூய கிராபீனில் பென்டசீன் மூலக்கூறுகள், இரண்டின் கார்பன் வளையங்களிலும் உள்ள பை எலக்ட்ரான்களுக்கு இடையிலான பை-பை ஈர்ப்பால், பாய் விரித்தாற்போல் படுத்து அடுக்கும். கிராபீனை மாற்றி ஒட்டும்போது தாங்கியாகப் பயன்பட்டுத் தங்கிவிடும் பிஎம்எம்ஏ என்ற பாலிமரின் எச்சம் இருந்தாலோ, ஏறத்தாழ 1.5 நானோமீட்டர் உயர அடுக்குகளாக நிமிர்ந்து நின்றுவிடும். மின்னூட்டம் எத்திசையில் எளிதாகப் பாயும் என்பதே இதனால் மாறிவிடுகிறது. எங்கள் சில்லுகளில் அந்த எச்சம் அணுவிசை நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்தது. வெற்றிடத்தில் சூடேற்றிய பிறகே படலம் சீராகப் படிந்தது. வெற்றிட உலை இல்லாத கல்லூரிகளுக்கு இந்தச் சில்லுகளைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.