மேடம் போவாரி: கையில கணக்கு நோட்டோட படிச்ச கதை

மேடம் போவாரி நாவலை மூணாவது தடவையா போன வாரம் முடிச்சேன், இந்தத் தடவை பக்கத்துல ஒரு நோட்டும் பென்சிலும் வச்சுக்கிட்டு. எங்கெல்லாம் பணம் வருதோ அங்கெல்லாம் தொகையைக் குறிச்சுக்கிட்டே வந்தேன், யாரு யாருக்கு எவ்ளோ தரணும், எப்பத் தரணும், கையெழுத்து யாருது. அக்கவுண்ட்ஸ் வேலை பாக்குறவ நான், கை தானா அதுக்குத்தான் போகுது. முதல் ரெண்டு தடவை படிச்சப்போ புருஷனுக்குத் தெரியாம ரெண்டு பேரோட பழகின ஒரு பொண்ணோட கதைன்னுதான் மனசுல நின்னுச்சு, எல்லாரும் அப்படித்தான் சொல்லவும் செய்றாங்க. நோட்டு போட்டுப் படிச்சதும் அப்படியே வேற புத்தகமாத் தெரிஞ்சுது. அந்த ரெண்டு ஆம்பளைங்களை விட அந்தப் பொண்ணு எம்மா பயந்து பயந்து ஒளிச்சு வச்சது புரோநோட்டுங்களைத்தான்.

முன்னாடியே சொல்லிடறேன், முடிவு வரைக்கும் எல்லாத்தையும் பேசப் போறேன். ஃப்ளோபேர் எழுதி 1857ல வந்த நாவல், முடிவு தெரிஞ்சு படிச்சாலும் ஒண்ணும் குறையாது. தெரியாமதான் படிக்கணும்னா படிச்சுட்டு வாங்க.

கதை சுருக்கமா இதுதான். பிரான்ஸ்ல நார்மண்டி பக்கம் ஒரு விவசாயி பொண்ணு எம்மா, கன்னியாஸ்திரி மடத்துல படிச்சவ, காதல் நாவலா படிச்சுப் படிச்சு வாழ்க்கைன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டு ஷார்ல் போவாரியைக் கட்டிக்கறா. முழு டாக்டர் பட்டம் இல்லாத நாட்டுப்புற வைத்தியர் அவரு. நல்லவரு, எம்மா மேல உயிரையே வச்சிருக்கிறவரு, ஆனா அவர் பேச்சு அவளுக்கு அஞ்சு நிமிஷத்துல சலிச்சுப் போகுது. ஒரே ஒரு ராத்திரி பிரபு வீட்டு விருந்து நடனத்துக்குப் போறாங்க, அந்த ஒரு ராத்திரியோட ருசி அவ நாக்குல ஒட்டிக்குது. அப்புறம் யோன்வில்ங்கற சின்ன ஊருக்குக் குடி மாறறாங்க, அங்க முதல்ல ரொடோல்ஃப்னு ஒரு பணக்காரன், பின்னாடி லியோன்னு ஒரு வக்கீல் குமாஸ்தா. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

அந்த ஊர் ஜவுளிக்காரன் லெரோவைப் பத்திதான் யாரும் அவ்வளவாப் பேச மாட்டேங்கறாங்க. அந்தப் பேருக்கு பிரெஞ்சுல சந்தோஷமானவன்னு அர்த்தம். முதல் தடவை வீட்டுக்கு வந்து சால்வையா விரிச்சுக் காட்டறான், எம்மா எனக்கு ஒண்ணும் வேணாம்னு நல்லாத் தெளிவாத்தான் சொல்றா. அவனும் வற்புறுத்தல. பணத்தைப் பத்தி நான் கவலைப்படறதில்லீங்க, உங்களுக்கு வேணும்னாக் கூட நான் தர்றேன்னு பூ மாதிரி சொல்லிட்டுப் போறான். அவன் போனதும் எம்மா நாம எவ்ளோ கட்டுப்பாடா இருந்தோம்னு தன்னையே மெச்சிக்கறா. என்ன பாவம்.

விவசாயக் கண்காட்சி நடக்கற அத்தியாயம் ரொம்பப் பேர் புகழ்ற ஒண்ணு, மேடையில உரப் பரிசு அறிவிக்கறதும் மாடியில ரொடோல்ஃப் காதல் வசனம் பேசறதும் மாறி மாறி வரும். எனக்கு அதை விடப் பிடிச்சது அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற சின்ன இடம். சத்திரக்கார அம்மா மருந்துக்கடைக்காரர் ஒமே கிட்ட, எதிர்த்த காபிக்கடை டெலியே குடும்பம் திவாலாகுதுங்க, லெரோதான் புரோநோட்டாலயே அந்த ஆளைக் கொன்னுட்டான்னு சொல்லிட்டே, அதோ பாருங்க அவனே நிக்கறான், பச்சைத் தொப்பி போட்ட போவாரி அம்மாவுக்கு வணக்கம் வைக்கறான், அந்தம்மா ரொடோல்ஃப் கையைக் கோத்துக்கிட்டுப் போகுதுன்னு காட்டறாங்க. ஒரே மூச்சுல கடன்காரன், காதலன், அவ, முன்னாடியே அழிஞ்ச ஒருத்தன் எல்லாரும் வந்துடறாங்க. ரெண்டு தடவை இதைத் தாண்டிப் போயிருக்கேன், கண்ணுலயே படல.

அப்புறம் கணக்கு ஆரம்பிக்குது. ரொடோல்ஃபுக்குப் பரிசு குடுக்க வெள்ளியில தங்க முலாம் பூசின பிடி வச்ச குதிரைச் சவுக்கு, மறுநாளே 270 ஃபிராங்குக்கு பில். கையில காசில்ல. அந்த நேரம் பாத்து ஷார்லுக்கு ஒரு பேஷண்ட் அனுப்பின வைத்தியக் காசு வீட்டுக்கு வருது, எம்மா அதை எடுத்து லெரோ கிட்ட நீட்டிடறா. லெரோ அசந்து போயிடறான், அவனுக்கு வேண்டியது காசு இல்லையே, அவ காசில்லாம நிக்கறதுதானே. புருஷன் சம்பாத்தியத்துல அவ கை வச்ச முதல் இடம் இது, இதுக்கப்புறம் அது பழக்கமாயிடுது.

ரொடோல்ஃப் அவளை ஊரை விட்டுக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி ஏமாத்திட்டு ஓடிப் போறான், எம்மா படுத்த படுக்கையாயிடறா. இங்கதான் நான் படிக்கறதை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அவ ஓடிப்போறதுக்குன்னு ஆர்டர் குடுத்த அங்கியும் பெட்டியும் ஷார்ல் தலையில வந்து விழுது, எதுக்கு வாங்கினதுன்னே அவருக்குத் தெரியாது, சண்டை போடத் தெம்பில்லாம 180 ஃபிராங்குக்கு நோட்டு எழுதிக் குடுத்துடறாரு. மருந்துக் கடனும் ஏறிக்கிட்டே போகுதுன்னு கூடவே 1,000 ஃபிராங்க் கடனும் கேக்கறாரு. லெரோ ஓடிப் போயி காசைக் கொண்டு வந்து 1,070க்கு இன்னொரு நோட்டு வாங்கிக்கறான், ரெண்டும் சேத்து 1,250, வருஷ முடிவுல அவனுக்கு லாபம் 130 ஃபிராங்க். இதை ஃப்ளோபேர் அப்படியே கணக்காவே எழுதறாரு, ஆறு சதவீத வட்டி, அதுக்கு மேல கமிஷன், சரக்குல மூணுல ஒரு பங்கு லாபம்னு. அதுவும் லெரோ இந்தக் கணக்கோட முடியக் கூடாதுன்னு வேண்டிக்கறான், தவணைக்குக் கட்ட முடியாம நோட்டை மாத்தி எழுதணும், தன் பணம் வைத்தியர் வீட்ல வேளாவேளைக்குத் தின்னு கொழுத்து வரணும்னு. ஷார்ல் இதை எம்மா கிட்ட சொல்லல, உடம்பு சரியில்லாதவளை எதுக்குக் கலங்கடிக்கணும்னு. எம்மாவோட ரகசியம் மட்டும்னு இத்தனை நாள் நெனச்சிருந்தேன், புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஒரே ஆளு கிட்டத்தான் கை நீட்டியிருக்காங்க.

பவர் பத்திரம் விஷயத்துக்குக் கொஞ்சம் சட்டம் தெரியணும். 1804ல நெப்போலியன் கொண்டு வந்த சிவில் சட்டப்படி பிரான்ஸ்ல கல்யாணமான பொண்ணு புருஷன் சம்மதம் இல்லாம சொத்தை விக்கவோ ஒப்பந்தம் போடவோ முடியாது. அதனால எம்மா கையெழுத்துக்கு மதிப்பு வேணும்னா புருஷன் கிட்ட பவர் வாங்கணும். மாமனார் செத்த சமயம், துக்கம் விசாரிக்க வந்த மாதிரி வந்து அந்த யோசனையை அவ காதுல போடறதே லெரோதான். அவளும் பத்திரத்தைத் தயார் பண்ணி நீட்டறா, நோட்டரிங்களை நம்ப முடியாதே யாரையாவது கேட்டுக்கலாமேன்னு தயங்கற மாதிரி நிக்கறா, லியோனைக் கேட்டாத்தான் உண்டுன்னு ஷார்லே வாயைத் திறந்து சொல்றாரு! ருவான் நகரத்துக்கு அவளை அனுப்பியும் வைக்கறாரு. மூணு நாள். சொத்துக்குச் சாவியும் காதலன் வீட்டுக்கு வழியும் ஒரே காகிதத்துல.

அதுக்கப்புறம் வாரா வாரம் வியாழக்கிழமை பியானோ கிளாஸ்னு சொல்லிட்டு ருவானுக்குப் போயி லியோனோட ஹோட்டல் ரூம். டபுள் லைஃப்னு எத்தனையோ கதையில படிச்சிருக்கோம், ஆனா அதை நடத்தறது எவ்ளோ வேலைன்னு இவ்ளோ கிட்டத்துல காட்டினதை நான் வேற எங்கயும் படிக்கல. ஒரு நாள் ஷார்ல் சாதாரணமா சொல்றாரு, உன் பியானோ டீச்சர் லாம்பரூர் அம்மாவைப் பாத்தேன், உன்னைத் தெரியாதுங்கறாங்களேன்னு. எம்மாவுக்கு இடி விழுந்த மாதிரி, ஆனா என் பேரை மறந்திருப்பாங்கன்னு சமாளிக்கறா. ஷார்லே பாவம் இன்னொரு வழியும் சொல்லிக் குடுக்கறாரு, ருவான்ல அந்தப் பேர்ல நாலஞ்சு டீச்சருங்க இருக்கலாமோன்னு. இல்ல, என் கிட்ட ரசீது இருக்குன்னு எம்மா மேசை டிராயர் எல்லாம் கொட்டித் தேடறா, கிடைக்கல. அடுத்த வெள்ளிக்கிழமை ஷார்ல் பூட்ஸ்ல காலை விடறாரு, தோலுக்கும் காலுறைக்கும் நடுவுல ஏதோ காகிதம். மூணு மாச கிளாஸுக்கும் இதர சாமான்களுக்கும் 65 ஃபிராங்க் பெற்றுக்கொண்டேன், இப்படிக்கு ஃபெலிசி லாம்பரூர். இது எப்படி என் பூட்ஸுக்குள்ள வந்துச்சுன்னு கேக்கறாரு, அலமாரி ஓரத்துல இருக்கற பழைய பில்லு அட்டையில இருந்து விழுந்திருக்கும்னு அவ சொல்றா. அந்தக் காகிதத்தைக் கால்ல உணர்ந்த அந்த நொடியை ஃப்ளோபேர் எழுதியிருக்கறதைப் படிக்கறப்போ என் கால்லயே ஏதோ உறுத்தின மாதிரி இருந்துச்சு.

லெரோ ருவான்ல ஒரு நாள் எம்மாவை லியோனோட பாத்துடறான். அவ்ளோதான், மாமனார் விட்டுட்டுப் போன சின்ன வீட்டை வித்துடலாம்னு கூடவே ஆளையும் புடிச்சுக் குடுக்கறான், 4,000 ஃபிராங்க். பாதிப் பணம் கைக்கு வந்ததும் கடனைக் கட்டப் போறவளை அவனே தடுத்து, பணத்தை வச்சுக்கங்க, இதுல கையெழுத்து மட்டும் போடுங்கன்னு 1,000 ஃபிராங்க் நோட்டு நாலு நீட்டறான். வேன்சார்னு ருவான்ல ஒரு பேங்க்காரன், லெரோவோட கூட்டாளி, அந்த நோட்டுங்களை டிஸ்கவுண்ட் பண்றான், அதாவது தவணைக்கு முன்னாடியே கமிஷன் பிடிச்சுக்கிட்டுக் காசாக்கிக் குடுக்கறான், பழைய கடன் போக 2,000 வரவேண்டிய இடத்துல 1,800தான் வருது, மீதி 200 கமிஷன். இந்த இடத்தை ரெண்டு தடவை நிதானமாப் படிங்க. கடன் கட்டணும்னு வர்றவளைக் கட்ட விடாம திருப்பி அனுப்பறான் பாருங்க, வேலை பாக்கற இடத்துல இந்த மாதிரி பேச்சை நான் நேர்லயே கேட்டிருக்கேன், அதே இனிப்புக் குரல்தான். எம்மா கடைசியில திருமணத்துக்கு அப்பா குடுத்த ஆறு வெள்ளிக் கரண்டியை அடகுக்கு அனுப்பறா, அதையும் லியோன் முகம் சுளிச்சுக்கிட்டேதான் எடுத்துட்டுப் போறான்.

முடிவு வர்றப்போ வேகம் வேற மாதிரி. 24 மணி நேரத்துல 8,000 ஃபிராங்க் கட்டணும், இல்லைன்னா ஜப்தி. நோட்டை வெளியில விட மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களேன்னு லெரோ கிட்ட அழறா, என் கழுத்துலயும் கத்தி வச்சுட்டாங்கன்னு அவன் கையை விரிக்கறான். அமீனா வந்து வீட்ல இருக்கற ஒவ்வொரு சாமானையும் எழுதறான். ருவான்ல பேங்க்காரங்க வீடு வீடா ஏறி இறங்கறா. லியோன் கிட்ட உன் ஆபீஸ் பணம்னு கூட வாய் வரைக்கும் போயிடறா. திரும்பி வர்ற வண்டியில ஒரு குருட்டுப் பிச்சைக்காரன் பாட, கையில இருந்த ஒரே அஞ்சு ஃபிராங்க் காசை அவன் பக்கம் வீசிடறா. மறுநாள் நோட்டரி கியோமன் வீடு, அவர் சாப்பிட்டுக்கிட்டே கேக்கறாரு, அப்புறம் கையைப் பிடிக்கப் பாக்கறாரு, நான் பரிதாபப்பட வேண்டியவதான் விலைக்கு வந்தவ இல்லன்னு சொல்லிட்டு வெளியேறறா. அந்த நோட்டரியும் உள்ளுக்குள்ள லெரோவோட கூட்டுத்தான். கடைசியா ரொடோல்ஃப் கிட்ட 3,000 கேக்கறா, இல்லைங்கறான். அங்க இருந்து நேரா ஒமே கடை மாடி, நீல ஜாடியில இருந்து ஆர்சனிக்.

பிடிக்காததும் இருக்கு. முதல் பாகம் மெதுவாத்தான் போகும், ஷார்லோட சின்ன வயசு, தொப்பி வர்ணனை எல்லாம் பொறுமையா தாண்டணும். கால் வளைஞ்சவனுக்கு ஷார்ல் ஆபரேஷன் பண்ணி அது அழுகிப்போற அத்தியாயத்தைச் சாப்பிடற நேரத்துல படிக்காதீங்க. எம்மாவை எல்லா நேரமும் நேசிக்கவும் முடியல, கிட்ட வந்த குழந்தை பெர்த்தை முழங்கையால தள்ளி அது கன்னத்துல அடிபட்டு ரத்தம் வர்ற இடத்துல எனக்கு அவ மேல கோவமா வந்துச்சு, இன்னமும் இருக்கு. ஆனா இப்படி ஒருத்தியை நல்லவளாவும் காட்டாம கெட்டவளாவும் காட்டாம கடைசி வரைக்கும் கூடவே போயிருக்காரு பாருங்க, அதுக்குத்தான் அஞ்சு வருஷம் உக்காந்து எழுதியிருக்காரு.

1856ல பத்திரிகையில தொடரா வந்ததுக்கு ஒழுக்கக் கேடுன்னு ஃப்ளோபேர் மேல கேஸ் போட்டாங்க, 1857 பிப்ரவரி 7ம் தேதி விடுதலை. புத்தகத்துக்குப் பதிப்பாளரோட அவர் போட்ட ஒப்பந்தம் 800 ஃபிராங்க், எம்மா கடன்ல பத்துல ஒண்ணு. பிரெஞ்சு தெரியாது எனக்கு, இங்கிலீஷ்லதான் படிச்சேன். லிடியா டேவிஸோட 2010 மொழிபெயர்ப்பு சுத்தமா, நிதானமா இருக்கு, வாங்கறதா இருந்தா அதை வாங்குங்க. காசு செலவில்லாம வேணும்னா கார்ல் மார்க்ஸோட மக எலியனோர் 1886ல பண்ணினது குட்டன்பர்க் தளத்துல இலவசமா கிடைக்குது, வாக்கியங்கள் கொஞ்சம் பழசா இருக்கும், போகப் போகப் பழகிடும். எதை எடுத்தாலும் ஒரு பென்சில் வச்சுக்கங்க.

அவ செத்ததும் எல்லாரும் பில்லோட வர்றாங்க. லாம்பரூர் அம்மாவும் ஆறு மாச கிளாஸ் பாக்கின்னு கேட்டு வர்றாங்க, எம்மா ஒரு கிளாஸ் கூட போகல, அது அவங்க ரெண்டு பேருக்குள்ள ஏற்பாடு. லெரோ ஊர்ல புது வண்டி சர்வீஸ் ஆரம்பிக்கறான். ஷார்லும் போனதுக்கப்புறம் வீட்ல எல்லாத்தையும் வித்துக் கடனை அடைக்கறாங்க, பெர்த்தைப் பாட்டி கிட்ட அனுப்பறாங்க, பாட்டியும் போயிடறாங்க, கடைசியில அவ ஒரு பஞ்சாலையில கூலிக்குப் போறா. என் நோட்டுல கடைசி வரி இதுதான்: மீதம் 12 ஃபிராங்க் 75 சென்டைம், பெர்த் வழிச் செலவுக்கு.