நெட் பிரைஸ் கால்குலேட்டர்: மெரிட் உதவித்தொகைக்கு எவ்வளவு நம்பலாம்?

மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் உள்ள அமெரிக்கக் கல்லூரிகள் 2011 அக்டோபர் முதல் நெட் பிரைஸ் கால்குலேட்டரை, அதாவது உதவித்தொகை போக ஒரு குடும்பம் கட்ட வேண்டிய செலவைக் கணிக்கும் கருவியை, தங்கள் இணையதளத்தில் வைத்தாக வேண்டும். வருமானம் பார்த்துத் தரும் உதவியைக் கணிக்க நன்றாகவே கைகொடுக்கிறது. படிப்புத் திறமை பார்த்துத் தரும் மெரிட் தொகை என்று வரும்போதுதான் சிக்கல்.

ஜி.பி.ஏ. (பள்ளிப் பாடங்களின் சராசரி மதிப்பெண்), எஸ்.ஏ.டி. (கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) மதிப்பெண் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்காவிட்டால், வரும் விடைக்கும் உங்கள் பிள்ளையின் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை. முந்தைய ஆண்டு மாணவர்களுக்குக் கிடைத்த உதவியை வைத்துப் போட்ட பொதுக் கணக்குதான் அது. கல்லூரிகள் பயன்படுத்த அரசு தரும் பொது வடிவம் இப்படிப்பட்டதே. கேட்டாலும், மதிப்பெண்ணுக்குத் தானாகக் கிடைக்கும் தொகையே பெரும்பாலும் கணக்கில் வரும். கட்டுரை, நேர்காணல் வைத்துக் கொடுக்கும் பெரிய தொகைகள் வருவதில்லை. பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். கணக்கில் எடுத்திருப்பது எந்த ஆண்டுக் கட்டணம் என்பதையும் கவனியுங்கள். கல்விக் கடனையும் உதவிபோலச் செலவில் கழித்துக் காட்டியிருந்தால் திரும்பக் கூட்டுங்கள்.

கூடவே அந்தக் கல்லூரியின் காமன் டேட்டா செட்டில் (கல்லூரிகள் ஒரே படிவத்தில் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) எச்2ஏ பகுதியைப் பாருங்கள். நிதித் தேவை இல்லாத மாணவர் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். எங்கள் கணிப்பில் கால்குலேட்டரைவிட இதுவே நேர்மையான விடை. ஓர் ஆண்டுக்குக் கிடைத்த தொகையை நான்கு ஆண்டுப் படிப்புக்காக நான்கால் பெருக்குமுன், அதைத் தக்கவைக்கக் கல்லூரியில் எடுக்க வேண்டிய ஜி.பி.ஏ. எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.