அணு ஆய்வில் புதுப் போக்கைப் பிடிக்க: எல்டிஏ, பெர்டாபிக், அல்லது வெறும் சொல் எண்ணிக்கை?

சர்வதேச அணுசக்தி முகமை 1970-லிருந்து நடத்திவரும் ஐனிஸ் தரவுத்தளத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. தலைப்பையும் சுருக்கத்தையும் எடுத்து அலச மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: எல்டிஏ (சேர்ந்து வரும் சொற்களை வைத்துக் கருப்பொருள்களைக் கண்டெடுக்கும் புள்ளியியல் முறை), பெர்டாபிக் (மொழி மாதிரியால் பொருள் நெருக்கம் பார்த்துக் கட்டுரைகளைக் கொத்துகளாக்கும் முறை), சொற்றொடர் எண்ணிக்கை. மூன்றுக்கும் இலவச மென்பொருள் உண்டு; சில பத்தாயிரம் சுருக்கங்களை நல்ல லேப்டாப்பே தாங்கும். விலை, வேகம் எல்லாம் விடுங்கள். அடுத்த வருடம் புதுத் தரவைச் சேர்த்து மறுபடி ஓட்டும்போது என்ன ஆகிறது? அங்கேதான் வித்தியாசம் தெரியும். என் ஓட்டு சொற்றொடர் எண்ணிக்கைக்கே.

எல்டிஏவைப் புதிதாகப் பயிற்றினால் கருப்பொருள்கள் இடம் மாறிவிடும். போன வருடம் 14-ஆம் கருப்பொருளில் இருந்த எரிபொருள் உறை (அணு எரிபொருளை மூடும் உலோகக் குழாய்) இந்த வருடம் இரண்டாகப் பிரிந்து வேறு எண்களில் நிற்கும். வரைபடத்தைத் தொடர முடியாது. பழைய மாதிரியிலேயே புதுக் கட்டுரைகளை ஏற்றினாலோ, புதிய விஷயத்துக்கு அங்கே இடமே இல்லை. ஏதாவது பழைய கருப்பொருளில் அமுக்கிவிடும்.

பெர்டாபிக்கின் சிக்கல் வேறு. அதில் கொத்து பிரிக்கும் எச்டிபிஸ்கேன் என்ற படி, எந்தக் கொத்திலும் சேராத கட்டுரைகளை -1 என்று ஒதுக்கும். குறைந்தபட்சக் கொத்தளவு இயல்பாக 10. பெரிய தரவில் நூற்றுக்கணக்கில் துண்டுக் கொத்துகள் வருவதால் அதை 50, 100 என்று ஏற்றுவார்கள். முளைவிடும் துறையில் முதல் வருடம் ஏழெட்டுக் கட்டுரைதான் இருக்கும். நாம் தேடுவது குப்பைக்கூடைக்குள் போய்விடுகிறது. கொத்து பிரிப்பதற்கு முன் தரவைச் சுருக்கும் யூமாப் என்ற படியின் சீடு எண்ணை (தற்செயல் தேர்வுகளின் தொடக்க எண்) நிலைநிறுத்தினால் அதே தரவுக்கு அதே விடை கிடைக்கும். தரவு கூடினால் எல்லைகள் நகரத்தான் செய்யும்.

சொற்றொடர் எண்ணிக்கையில் ‘குரோமியம் பூசிய உறை’ எல்லா வருடமும் அதே பொருள்தான். ஒன்றிலிருந்து நான்கு சொல் வரையிலான தொடர்களை எடுங்கள். ஒரு கட்டுரையில் எத்தனை தடவை வந்தாலும் ஒன்றாகவே எண்ணுங்கள். அந்த வருடத்தின் 1,000 கட்டுரைகளுக்கு எத்தனை என்று மாற்றுங்கள். இல்லையென்றால் மொத்தக் கட்டுரைகள் பெருகுவதே எல்லாவற்றுக்கும் வளர்ச்சி போலத் தெரியும். மூன்று வருடச் சராசரியை அதற்கு முந்தைய மூன்றோடு ஒப்பிடுங்கள். முன்தயாரிப்பில் எண்களை நீக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்: சீசியம்-134-உம் சீசியம்-137-உம் வெறும் சீசியமாகிவிடும்.

உழைப்பெல்லாம் இணைச்சொல் பட்டியலில், அதாவது ஒரே விஷயத்தின் வெவ்வேறு பெயர்களை இணைப்பதில். ஃபுகுஷிமாவுக்குப் பின் சூடுபிடித்த ‘ஆக்சிடென்ட் டாலரன்ட் ஃப்யூயல்’ (விபத்தைத் தாங்கும் எரிபொருள்) இப்போது ‘அட்வான்ஸ்டு டெக்னாலஜி ஃப்யூயல்’ என்றும் எழுதப்படுகிறது. இரண்டையும் இணைக்காவிட்டால் துறை தேய்வது போலக் கோடு இறங்கும். ஸ்மால் மாடுலர் ரியாக்டரை (சிறு அணு உலை) குறிக்கும் ‘எஸ்எம்ஆர்’ என்ற சுருக்கெழுத்தைத் தனியாக எண்ணவே கூடாது. ஹைட்ரஜன் கட்டுரைகளில் அது ஸ்டீம் மீத்தேன் ரிஃபார்மிங், அதுவும் இதே தரவுத்தளத்தில். பழைய ‘ஸ்மால் அண்ட் மீடியம் சைஸ்டு ரியாக்டர்’ 700 மெகாவாட் வரை போகும் என்பதால் அதை ஸ்மால் மாடுலரோடு சேர்க்காமல் விடுவதே சரி.

பெயரே மாறிப்போன இடங்களில் மட்டும் பெர்டாபிக் ஜெயிக்கும். எல்எம்எஃப்பிஆர் (திரவ உலோகத்தால் குளிரும் வேக ஈனுலை) என்று எழுதியவர்கள் நான்காம் தலைமுறை அணு உலைகள் பற்றிய பேச்சு வந்தபின் எஸ்எஃப்ஆர் (சோடியத்தால் குளிரும் வேக உலை) என்கிறார்கள். சுற்றியுள்ள சோடியம், பம்ப், வெப்பமாற்றி பற்றிய வாக்கியங்களை வைத்து பெர்டாபிக் இரண்டையும் அருகருகே வைக்க வாய்ப்பு அதிகம். இணைச்சொல் பட்டியலுக்குப் புதுப் பெயர்களைத் தேடுவதற்காக அதை வருடம் ஒருமுறை ஓட்டலாம். முழுக் கட்டுரை உரைக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். அங்கே குறிப்புப் பட்டியல்களே எண்ணிக்கையைக் கெடுத்துவிடக்கூடும்.

எந்த வழியானாலும் கடைசி வருடத்தை வரைபடத்திலிருந்து வெட்டிவிடுங்கள். அறிக்கைகளும் மாநாட்டுக் கட்டுரைகளும் ஐனிஸில் தாமதமாக ஏறுவதால் அந்த வருடப் பங்கு நம்பத்தக்கதல்ல.