போல்ட் டிஎன்ஏ தளம்: பெயர் சொல்லும், பூர்வீகம் சொல்லாது

டிஎன்ஏ துண்டு ஒன்றின் எழுத்து வரிசையை ஒட்டினால், அது எந்த உயிரினம் என்று சொல்லும் இலவசத் தளம் போல்ட். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட்டின் குழு உருவாக்கியது. ஸ்விட்சர்லாந்தில் படிக்கும் நான் பெரும்பாலும் எரீபியா வண்ணத்துப்பூச்சிகளுக்காகத்தான் இதைத் திறப்பேன். ஆல்ப்ஸில் மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் உயரத்தில் பறக்கும் கரும்பழுப்புப் பூச்சிகள் இவை. இறக்கையில் செம்மஞ்சள் திட்டு, அதற்குள் கண் மாதிரி கரும்புள்ளி. வழிகாட்டிப் புத்தகத்தைப் பக்கத்திலேயே வைத்திருந்தாலும் சில இனங்களில் அண்ணன் யார், தம்பி யார் என்று பிடிபடாது.

பூச்சியின் ஒரு கால் போதும். எத்தனாலில் போட்டு வைத்து, டிஎன்ஏவைப் பிரித்து, சிஓ1 என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் 658 எழுத்து நீளத் துண்டைப் படிக்க வேண்டும் (மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கென்று தனி டிஎன்ஏ உள்ள உறுப்பு). அந்த வரிசையைத் தேடலில் கொடுத்தால் நெருங்கிய பதிவுகள் ஒற்றுமைச் சதவீதத்தோடு வந்து நிற்கும். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த படிதான். பல பதிவுகளைத் திறந்தால் ஊசி குத்தி இறக்கை விரித்த அந்தப் பூச்சியின் படமே இருக்கும். பிடித்த இடமும், இப்போது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்பதும் இருக்கும். யாராவது பெயரைத் தப்பாகக் கொடுத்திருந்தால், படத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிடும். ஐரோப்பிய வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பதிவுகளும் தாராளம்.

சரி, எந்த வரிசை எதற்கு நெருக்கம் என்று தளம் கிளை கிளையாக வரைந்து தரும் மரப் படத்தை அப்படியே பரிணாம வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் வருவது. வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவும் தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அந்தத் தொற்று ஒரு கூட்டத்தில் வேகமாகப் பரவினால், கூடவே ஒரே வகை மைட்டோகாண்ட்ரியாவும் பரவிவிடும். அப்புறம் நாம் படிப்பது பூச்சியின் கதையா, பாக்டீரியாவின் கதையா? இது ஏட்டுச் சந்தேகம் இல்லை. எரீபியா டிண்டாரஸ், எரீபியா காசியோய்டஸ் என்ற இரண்டு இனங்களும் ஸ்விட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்ட் பக்கத்து மலைகளில் ஒரு குறுகிய பட்டையில் சந்திக்கின்றன. அந்தப் பட்டையைக் கடந்தால் வோல்பேக்கியா தொற்றும் சட்டென்று மாறுகிறது.

குரோமோசோம் விஷயம் இன்னும் சுவாரசியம். வண்ணத்துப்பூச்சிகளில் 31 ஜோடி என்பதுதான் வழக்கமான கணக்கு. டிண்டாரஸும் அதன் நெருங்கிய உறவினங்களும் சேர்ந்த டிண்டாரஸ் குழுவுக்குள்ளேயே பாருங்கள்: கல்காரியாவுக்கு 8 ஜோடி, டிண்டாரஸுக்கு 10, நிவாலிஸுக்கு 11, ஈரானிக்காவுக்கு 51! குரோமோசோம்கள் இப்படி ஒட்டிக்கொண்டதற்கும் உடைந்ததற்கும் இனங்கள் பெருகியதில் பங்கு உண்டு என்கிறது 2024இல் வந்த எரீபியா ஆய்வு. சிஓ1 துண்டில் இதன் வாடைகூட அடிக்காது. இதற்கு, குரோமோசோம்கள் இருக்கும் செல்லின் உட்கருவில் உள்ள டிஎன்ஏவுக்குப் போயே ஆக வேண்டும். அந்தச் செலவும் வேறு, கணினி வேலையும் வேறு.

கல்லூரி புராஜெக்ட் செய்பவர்கள் தாராளமாக இங்கிருந்து தொடங்கலாம். மேலே வரும் சதவீதத்தை மட்டும் நகலெடுக்காமல் படங்களையும் திறந்து பாருங்கள். அறிக்கையில் 'பரிணாம உறவு' என்று தலைப்புப் போடுவதாக இருந்தால், உட்கரு மரபணுக்கள் சிலவற்றையும் சேர்த்துப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பெயர் கண்டுபிடிக்க: 5க்கு 4.5. வம்சாவளி பார்க்க: 5க்கு 2.