லெவிஸ்–ஷார்ட் லத்தீன் அகராதி: ‘அகோ’ பக்கத்தை மட்டும் படித்தால் போதும்

லத்தீன் அகராதி ஒன்று நமக்குச் சரிப்படுமா என்று பார்க்க, ‘அகோ’ (ago) என்ற வினைச்சொல்லைத் தேடிப் பாருங்கள். 1879இல் வந்த லெவிஸ்–ஷார்ட் (Lewis and Short) அகராதியை நான் அப்படித்தான் எடை போட்டேன். அட்டையில் இரண்டு பெயர் இருந்தாலும் ஷார்ட் எழுதியது ‘ஏ’ (A) எழுத்து மட்டும். மற்றதெல்லாம் லெவிஸ். அவருக்குத் தொழில் வக்கீல் வேலை!

ஆக, ‘அகோ’ ஷார்ட்டின் கைவரிசை. மனுஷர் ஒன்றையும் விடவில்லை. ஆடுமாடு ஓட்டுவதில் தொடங்கி, படை நடத்துவது, நாடகத்தில் வேடம் கட்டுவது, வழக்காடுவது என்று போய்க்கொண்டே இருக்கிறார். ‘வீதாம் அகெரே’ என்றால் வாழ்வது. இது நமக்குப் புதிதா என்ன? நாமும் மாட்டை ஓட்டுகிறோம், காலத்தையும் ஓட்டுகிறோம். ‘க்வித் அகிஸ்?’ என்று ரோமானியர் கேட்டது கிட்டத்தட்ட நம் ‘எப்படி ஓடுது?’தான். பொருள்களை இந்த வரிசையில் அடுக்கியிருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைத்தது புரிகிறது. எனக்கு இதுவே பெரிய லாபம்.

ஆனால் நான் தேடிப் போனது வேறு. எங்கள் பாடகர் குழு பாடும் ‘குளோரியா’ என்ற தேவாலயப் பாட்டில் ‘கிராத்சியாஸ் அஜிமுஸ் திபி’ என்று ஒரு வரி, உமக்கு நன்றி செலுத்துகிறோம் என்று. (தேவாலய உச்சரிப்பில் அஜிமுஸ், பழைய ரோமில் அகிமுஸ்.) ‘நன்றி’யோடு சேரும் இந்த வழக்கு அகராதியில் இருக்கிறது, ஆனால் எங்கோ உள்ளே. பொடி எழுத்து, சிசரோ, சீசர், பிளாட்டஸ் என்று ரோமானிய எழுத்தாளர்கள் எல்லாருக்கும் சுருக்கக் குறி, பத்தி பிரிக்காத மேற்கோள்கள். கண் வலிக்கும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ‘அகோ’வின் இறந்தகாலம் ‘ஏகி’ (egi). அதை ‘ஈ’ (E) எழுத்தில் தேடினால் நேரம்தான் வீண். ‘egerunt’ என்று எழுதியிருப்பது ‘அகோ’வின் இறந்தகாலமாகவும் இருக்கலாம், வெளியே கொண்டுபோவதைக் குறிக்கும் ‘ஏகெரோ’வின் நிகழ்காலமாகவும் இருக்கலாம். நெடில் குறி போடாவிட்டால் எழுத்தில் இரண்டும் ஒன்றே.

அதனால் 2,000 பக்கத்துக்கு மேல் உள்ள அச்சுப் புத்தகத்தை வாங்கச் சொல்ல மாட்டேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ‘லோகேயோன்’ தளத்தில் இது இலவசம். மாறிய வடிவத்தைத் தட்டினாலும் மூலச்சொல்லுக்குக் கொண்டுபோய் விடுகிறது. லெவிஸின் சிறிய அகராதியும் அங்கேயே உண்டு. முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் பெரியதற்கு வரலாம்.

உச்சரிப்புக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். ‘ஏகி’க்கு நெடில் குறி போட்டவர்கள், பக்கத்திலேயே இருக்கும் ‘ஆக்தும்’ (actum) என்ற அதன் இன்னொரு வடிவத்துக்குப் போடவில்லை, அதிலும் முதல் எழுத்து நெடில்தான்.